யாருக்குத் திமிர்?

வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்தி. மாதம் பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. சம்பளம் வரவில்லை.

"அம்மா, சம்பளத்தைக் கொடுத்தால் தேவலை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டவேண்டும்" என்று கேட்கிறாள். இது மூன்றாவது தடவை. அதனால் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவள் போன பிறகு வீட்டுக்கார அம்மாள் சொல்கிறார்: "பார்த்தீர்களா, அவள் திமிரை!"

திமிர்! மூன்றே எழுத்து. மரியாதை இல்லாமல் நடப்பவரை ஏசுவதற்கு இதைப்போல் சட்டென்று வாயில் வரும் சொல் வேறு இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

மரத்துப்போன கால்

வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். முடியவில்லை. நரம்பு அழுந்திக் கால் மரத்துவிட்டது. கிள்ளினாலும் தெரியவில்லை. "கால் திமிர் பிடித்துவிட்டது" என்பார்கள் பெரியவர்கள். நாட்டு வைத்தியத்தில் திமிர்வாதம் என்றே ஒரு நோய் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் மரத்துப்போதல் என்ற பொருள் இருக்கிறது.

(பழைய பாட்டுகளில் சந்தனம் பூசுவதையும் திமிர்தல் என்றார்கள். அது வேறு கதை. பிடியை உதறித் துள்ளுவது 'திமிறு'. அதற்கு வல்லின 'ற' போடவேண்டும். இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் ஏராளம்!)

ஆக, திமிர் என்றால் உணர்ச்சி அற்றுப்போவது. அடுத்தவர் வலி உறைக்காத மனிதரைத் திமிர் பிடித்தவர் என்றால், அது பொருத்தமான பேச்சு. பணத்திமிர், அதிகாரத்திமிர், சாதித்திமிர் என்ற சொற்கள் அப்படிப்பட்டவைதாம். ஆனால் இவற்றை யாரும் உரியவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள்.

முகத்துக்கு நேரே சொல்லப்படும் திமிர் வேறு. அது மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்வது.

எதிர்த்துப் பேசினால் மருமகளுக்குத் திமிர். மாமியார் அதட்டினால் அது கண்டிப்பு! மீதிச் சில்லறையைக் கேட்ட பயணிக்குத் திமிர். கல்யாணத்துக்கு இப்போது சம்மதமில்லை என்று சொன்ன பெண்ணுக்குப் 'படித்த திமிர்'. நாற்காலியில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வா" என்று கிழவரை விரட்டினால் மட்டும், பாவம், அவருக்கு வேலை அதிகம்!

செருப்புப் போட்டுத் தெருவில் நடந்ததற்காகவும், தோளில் துண்டு போட்டதற்காகவும் 'திமிர்' என்று ஏச்சும் அடியும் வாங்கியவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தார்கள். அவர்கள் யாரையும் ஒரு வார்த்தை வையவில்லை. நிமிர்ந்து நடந்தார்கள். அவ்வளவுதான்.

சினிமாவில் கதாநாயகன் திமிராகப் பேசினால் கைதட்டல் கிடைக்கிறது. 2006-ல் 'திமிரு' என்றே ஒரு படம் வந்தது. கொட்டகையில் கைதட்டியவர், வீட்டுக்கு வந்ததும் "ஏன்?" என்று கேட்ட மகனைத் திமிர் பிடித்தவன் என்கிறார்.

உண்மையிலேயே மரியாதை இல்லாமல் பேசுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். வயதானவரை "வா, போ" என்கிற பையனைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதற்குத் துடுக்கு என்ற சொல் இருக்கிறது. மரியாதைக் குறைவு என்றும் சொல்லலாம். கூலி கேட்பது இரண்டிலும் சேராது. கேட்கிறவளுக்கு வலிக்கிறது, அதனால்தான் கேட்கிறாள். மரத்துப்போனவள் கேட்கமாட்டாள்.

பதினோராம் நாள் வீட்டுக்கார அம்மாள் சம்பளத்தை எடுத்துக் கொடுத்தார். "இனிமேல் இப்படித் திமிராகப் பேசாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டுகளை ஒருமுறை எண்ணினாள். இடுப்பில் செருகிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கப் போனாள்.