பள்ளிகளில் வன்முறை: யார் பொறுப்பு?

மாணவனின் புத்தகப் பையில் அரிவாள் இருந்தது என்னும் செய்தியை நாளேட்டில் காணும்போது நம் நெஞ்சம் பதறுகின்றது. நான்கு நாள்களில் மறந்தும் விடுகின்றோம். 2012 பிப்ரவரியில் சென்னைப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றபோது தமிழகமே அதிர்ந்தது. ‘இக்காலப் பிள்ளைகள் கெட்டுவிட்டனர், திரைப்படமும் கைப்பேசியும் கெடுத்துவிட்டன’ என்று கூறி அமைவது பெரியோர்க்கு எளிது. அவற்றிற்கும் பங்குண்டு. ஆயினும் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு நிகழ்ந்த கொடுமைக்கு அக்காரணம் போதாது.

பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் பயின்றோர் இழைத்த இழிவு தாங்காமல் சில நாள்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளி வினவியது. உள்ளதைச் சொன்னார். அன்றிரவே வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் வாய்மூடி இருந்தவரை இழிவு மட்டுமே இருந்தது. வாய் திறந்த அன்று உயிருக்கே ஊறு வந்தது. கேட்கத் தெரிந்த நமக்குக் கேட்டபின் காக்கத் தெரியவில்லை.

தென்மாவட்டங்களில் மாணவர் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டும் வழக்கத்தை அறியாதார் இலர். அக்கயிற்றுக்குப் பொருள் கற்பித்தவர் யாவர்? சிறுவனா? 2019-இல் பள்ளிக் கல்வித்துறை அதனைத் தடுக்கச் சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்பு எழவே அது ஏட்டளவில் நின்றது. நாங்குநேரிக் கொடுமைக்குப்பின் அமைக்கப்பெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, கயிற்றை விலக்குதல், பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குதல் முதலியவற்றைப் பரிந்துரைத்து 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பிறரைக் குறை கூறுமுன் தமிழாசிரியராகிய நாமும் நம்மை நோக்குதல் வேண்டும். ஆசிரியர்க்குரிய இலக்கணம் கூறப் புகுந்த நன்னூல் ‘குலன்’ என்பதையே முதற்கண் வைத்தது. வகுப்பில் அச்சொல்லை விரைந்து கடந்துவிடுகின்றோம். நின்று விவாதிக்க வேண்டிய இடம் அது.

பிரம்பையும் மறைப்பதற்கில்லை. தமிழகக் கல்வி விதிகள் 2003-இலேயே உடல் தண்டனையை விலக்கின. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் அதனைத் தடை செய்கின்றது. எனினும் ‘அடியாத மாடு படியாது’ என்று இன்றும் பேசும் ஆசிரியர் உளர். அவரை மெச்சும் பெற்றோரும் உளர். வலியவன் எளியவனை அடிக்கலாம் என்னும் பாடத்தை நாமே நடத்திவிட்டு, பிள்ளை அதைக் கற்றுக்கொண்டான் என்று வியப்பது முறையன்று.

நம் அனுபவம் ஒன்றையும் நாணத்தோடு கூறுவோம். பல்லாண்டுகட்குமுன் இரு வாரம் வராதிருந்த மாணவர் ஒருவரை, வகுப்பு முழுவதும் கேட்க, “என்ன, ஊர்சுற்றப் போயிருந்தீரோ?” என்று வினவினோம். வகுப்பு சிரித்தது. அவர் ஒன்றும் கூறாமல் அமர்ந்தார். மறுவாரம் மாற்றுச் சான்றிதழ் பெற அவர் தந்தையார் வந்தபோதுதான், விடுதியில் மூத்த மாணவர் சிலர் அவரை நாள்தோறும் அடித்து வந்தமை தெரிந்தது.

நிறுவனங்களை நடத்தும் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். ‘நம் பள்ளியில் கயிறு இல்லை’ என்று அமைதி கொள்ள வேண்டா. பெயர் கெடும் என அஞ்சி, அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒருங்கே அழைத்துக் கைகுலுக்க வைத்து, ‘பேசி முடித்துவிட்டோம்’ எனக் கூறுவது நம்மிடையே பழகிப்போன ஒன்று. ஜமாஅத்தில் நிலத்தகராற்றை அவ்வாறு முடிக்கலாம். அஞ்சி நடுங்கும் சிறுவனின் வழக்கை முடிக்கலாகாது. முறையிட்டவன் பெயர் வெளிப்படாதிருக்க வேண்டும். அவன் வீடு சேரும்வரை பள்ளி பொறுப்பேற்க வேண்டும். தேவையெனில் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் காவல்துறையையும் அன்றே நாட வேண்டும். அடித்தவனைச் சான்றிதழ் கொடுத்து வெளியேற்றினால் சினம் தெருவிற்கு இடம்பெயருமேயன்றித் தணியாது. அவன் பெற்றோரை அழைத்து, வாரந்தோறும் அவனோடு பேச ஓர் ஆசிரியரை அமர்த்துதல் நன்று.

செலவில்லாத பணி ஒன்றை இவ்வாண்டே தொடங்கலாம். தொடர்ந்து மூன்று நாள் வாராத மாணவர் பட்டியலை வகுப்பாசிரியர் வாரந்தோறும் தலைமையாசிரியரிடம் அளிக்கட்டும். அவர்களைத் தனியே அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அமரச் சொல்லிக் கேட்கட்டும்.