மறுக்க முடியாத மேம்பாடு மேம்பாடே அல்ல

"நுகர்வோர் கேட்கிறார், சந்தை கொடுக்கிறது." பொருளியல் வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாக நாம் ஒப்பித்துவரும் இந்த வாக்கியத்தை ஒரு சிறிய வண்டியின் விலைப்பட்டியலுக்கு அருகில் வைத்துப் பாருங்கள் என்று இத்துறை நண்பர்களையும் மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். வண்டி, அமெரிக்கச் சந்தையில் விற்கப்படும் ஃபோர்டு மேவரிக் என்ற ஹைப்ரிட் பிக்கப் டிரக். நம் சாலைகளில் அது ஓடுவதில்லை. ஆயினும் விலையேற்றத்துக்கு 'மேம்பாடு' என்று பெயர் சூட்டும் கலையை இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கும் எடுத்துக்காட்டு வேறொன்று அண்மையில் என் கண்ணில் படவில்லை.

2021 ஜூனில் அது அறிவிக்கப்பட்டபோது தொடக்க விலை 19,995 டாலர். கொண்டுசேர்க்கும் கட்டணம் தனி. 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்து 191 குதிரைத்திறன். நகருக்குள் காலனுக்கு 42 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நாலரை அடிப் பெட்டியில் 680 கிலோ வரை ஏற்றலாம். மிக மலிவான வகையில் சக்கரங்கள் வெறும் எஃகு. வேகத்தை நிலைநிறுத்தும் குரூஸ் கன்ட்ரோல்கூட இல்லை. ஆனால் ஹைப்ரிட் அமைப்பு அந்த மலிவான வகையிலேயே இருந்தது. இதுதான் அந்த வண்டியின் சிறப்பு. எரிபொருள் சிக்கனம் என்பது அதுவரை பெரும்பாலும் கூடுதல் பணம் தரக்கூடியவர்களுக்கு விற்கப்பட்ட வசதி. இங்கே அது கைப்பணம் குறைந்தவருக்கு முதலில் கிடைத்தது. அந்த ஆகஸ்டுக்குள் முன்பதிவு ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2022 ஜனவரியில், இனி ஏற்க இயலாது என்று அவ்வாண்டு மாடலுக்கான பதிவுப் புத்தகத்தையே நிறுவனம் மூடிவிட்டது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2024 மாடலில் ஹைப்ரிட், 1,500 டாலர் கூடுதல் கட்டணத்துக்குரிய பொருளாயிற்று. 2025 மாடலில் அது மீண்டும் அடிப்படை அமைப்பாக்கப்பட்டது. அதைப் பெரும் சலுகைபோலவும் அறிவித்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பு வந்த 2024 ஆகஸ்டில் தொடக்க விலை 26,295 டாலர். மூன்றே ஆண்டுகளில் 31 விழுக்காட்டுக்கு மேல் உயர்வு. அதே காலத்தில் அமெரிக்காவின் பொது நுகர்வோர் விலைக் குறியீடு உயர்ந்தது சுமார் 16 விழுக்காடு. பணவீக்கத்தின் மீது பழி போட்டால் பாதிக் கணக்குத்தான் நேராகும்.

மீதிப் பாதிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்: "நீங்கள் கேட்டீர்கள், கொடுத்தார்கள்." உண்மைதான், கேட்டார்கள். ஹைப்ரிடில் நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்று பனிவிழும் மாநிலங்களில் வாழ்வோர் கேட்டனர். 2,000 பவுண்டு இழுவை போதாது, 4,000 வேண்டும் என்று படகும் இழுவண்டியும் வைத்திருப்போர் கேட்டனர். இரண்டும் நியாயமான கோரிக்கைகள். இரண்டும் 2025 மாடலில் வந்தன. ஆனால் எங்கே வந்தன? கூடுதல் கட்டணப் பட்டியலில். கேட்டவர் அவற்றுக்குத் தனியாகப் பணம் தருகிறார். அப்படியானால் அவற்றைக் கேட்காதவரின் அடிப்படை விலை 6,300 டாலர் உயர்ந்ததற்கு அந்தக் கோரிக்கைகள் எப்படிக் காரணமாகும்? அடிப்படை வகையில் கண்ணுக்குத் தெரியப் புதிதாக வந்தவற்றுள் முதன்மையானது, 8 அங்குலத் திரையின் இடத்தில் 13.2 அங்குலத் திரை. அதை விரும்பியவர்களும் இருக்கலாம். விரும்பாதவர் அதை விட்டுவிட்டு விலையைக் குறைத்துக்கொள்ளும் வழி மட்டும் இல்லை. மறுக்க முடிந்தால் அது வசதி. மறுக்க முடியாதபோது அது விலையேற்றம். திரை அதற்கு அணிவித்த உடை.

இரண்டாவது பதில் வரி. டிரம்ப் அரசு 2025 ஏப்ரலில் இறக்குமதி வாகனங்களுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. மேவரிக் மெக்சிகோவின் எர்மோசியோ நகரில் உருவாவது. வட அமெரிக்க ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வண்டிகளில் அமெரிக்க உள்ளடக்கம் போக மீதிக்கு வரி விழுந்தது. மே மாதத்தில் மெக்சிகோவில் செய்யப்படும் மூன்று வண்டிகளின் விலையை நிறுவனம் 2,000 டாலர் வரை உயர்த்தியது. அவற்றுள் மேவரிக்கும் ஒன்று. அந்த உயர்வுக்கு வரி காரணம் என்றால் ஏற்கிறேன். ஆனால் 26,295 என்ற விலை அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. பின்னால் வந்த வரி முன்னால் வந்த விலைக்குக் காரணமாகாது.

"முதல் விலை கட்டுப்படியாகாத விலை, மூலப்பொருள் செலவு கூடிவிட்டது" என்பது மூன்றாவது பதில். இருக்கலாம். அப்படியானால் அதை விலையேற்றம் என்றே அழைக்கட்டும். செலவு கூடியதால் உயர்த்திய விலைக்கு 'மேம்பாடு' என்று பெயரிடுவதில்தான் என் சண்டை.

இந்தப் பெயர் வெறும் விளம்பரச் சொல் அன்று. புள்ளிவிவரத்துக்குள்ளும் அது நுழைகிறது. நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கணிக்கும்போது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் புதிய வாகனங்களுக்குத் தர மாற்றத்தைக் கழிக்கிறது. புதிய மாடலில் ஒரு கருவி கூடினால், அதன் மதிப்பளவுக்கான விலை உயர்வு தர உயர்வாக எண்ணப்பட்டு, விலையேற்றக் கணக்கிலிருந்து நீங்கிவிடும். கோட்பாட்டளவில் இதில் பிழையில்லை. ஒரே பொருளை ஒரே பொருளோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் பழைய பொருள் கடையிலேயே இல்லாதபோது இந்தக் கழித்தல் யாருடைய அனுபவத்தைச் சொல்கிறது? கடன் வாங்கி முழு விலையையும் செலுத்துபவர் குறியீட்டின் கண்ணில் கூடுதல் தரத்தை வாங்கியவர். அந்தக் கடனும் கிடைக்காமல் விலகிப் போனவர் எந்தக் கண்ணிலும் இல்லை.

"விலை ஏறியும் விற்பனை கூடியதே, 2024இல் 1,30,000 வண்டிகளுக்கு மேல் விற்றனவே" என்று வெற்றிக் குரலில் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்காவில் புதிய வாகனத்தின் சராசரி விலை 2025 செப்டம்பரில் 50,000 டாலரைத் தாண்டியது. அந்த வெயிலிலிருந்து ஓடிவருபவருக்கு 26,000 டாலர் வண்டியும் நிழல்தான். அவர் வந்து சேர்ந்தது, 20,000 டாலரோடு வரிசையில் நின்றவர் நிறைவடைந்ததற்குச் சான்றாகாது. ஒருவர் வெளியேறி இன்னொருவர் உள்ளே வந்திருக்கிறார். நாம் தலையை மட்டும் எண்ணி, நுகர்வோர் விருப்பம் நிறைவேறியது என்று எழுதுகிறோம்.

வெளியேறியவர் கற்பனை மனிதர் அல்லர். 2025 ஏப்ரலில் ஸ்லேட் என்ற புதிய நிறுவனம் ஒரு சிறிய மின்சார டிரக்கை அறிவித்தது. கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி; தொடுதிரை கிடையாது; வண்ணம்கூட ஒன்றே. கூட்டாட்சி வரிச்சலுகை போக 20,000 டாலருக்குள் என்றார்கள். சில வாரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள். திரும்பப் பெறக்கூடிய 50 டாலர் பதிவு, வாங்குதல் ஆகாது என்பதை அறிவேன். எனினும் நான்கு ஆண்டு இடைவெளியில், அதே விலைக்கோட்டில், இருமுறை ஒரு லட்சம் பேர் கை உயர்த்தியதைத் தற்செயல் என்று தள்ள முடியுமா? அந்த வரிச்சலுகையும் 2025 செப்டம்பரோடு முடிக்கப்பட்டுவிட்டது என்பது வேறு கதை.

அப்படியானால் போட்டியாளர்கள் ஏன் இந்த இடத்தை நிரப்பவில்லை? ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி விதித்ததற்குப் பதிலடியாக, 1963இல் ஜான்சன் அரசு இலகு டிரக்குகளுக்கு அறிவித்த 25 விழுக்காடு இறக்குமதி வரி அறுபது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. எரிபொருள் சிக்கன விதிகளோ, சக்கரங்களுக்கிடையே அடங்கும் பரப்பு பெரிதானால் இலக்கைத் தளர்த்துகின்றன; சிறிய வண்டிக்குக் கடுமையான தேர்வு, பெரிய வண்டிக்கு எளிய தேர்வு. அந்தத் தேர்வில் தோற்றால் கட்டவேண்டிய அபராதத்தையும் 2025 ஜூலைச் சட்டம் சுழியாக்கிவிட்டது. ஹூண்டாயின் சாண்டா குரூஸ் அலபாமாவில் தயாரானது. ஆனால் அதில் ஹைப்ரிட் இல்லை. ஆக, மேவரிக் தன் வகையில் தனியாக விற்றது. தனியாக விற்பவர் குறிக்கும் விலையை 'சந்தையின் தீர்ப்பு' என்பது சொல்லுக்கே இழைக்கும் அநீதி.

"அமெரிக்கருக்குப் பெரிய வண்டிதான் பிடிக்கும்" என்று பண்பாட்டு விளக்கம் தருவோர் நம் நாட்டைத் திரும்பிப் பார்க்கட்டும். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குட்பட்ட சிறு கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. உடனே செடான்களின் வால் வெட்டப்பட்டது, எஸ்.யூ.வி.க்களும் அதே கோட்டுக்குள் மடங்கி உட்கார்ந்தன. 2025 செப்டம்பரின் ஜி.எஸ்.டி. மாற்றமும் அதே கோட்டைக் காத்துநிற்கிறது. இந்தியரின் ரசனை சரியாக 3,999 மில்லிமீட்டரில் முடிவதாக எவரும் ஆய்வேடு எழுதவில்லை. இங்கே விதியின் விளைவு என்று காண்பதை அங்கே விருப்பத்தின் விளைவு என்று எழுதுவது ஆய்வொழுங்கு ஆகாது.

மேவரிக்கின் அடுத்த மாடல்களில் மின்னேற்றிக்கொள்ளும் ஹைப்ரிட் வேண்டும், நீளமான பெட்டி வேண்டும், கருவிகளை இயக்கக் கூடுதல் மின்சாரம் வேண்டும் என்று வாங்குவோர் தொடர்ந்து ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படட்டும்; பணிக்குதவும் ஆசைகள் அவை. அந்தப் பட்டியலின் முதல் வரியாக ஒன்று சேர வேண்டும்: எஃகுச் சக்கரமும் சின்னத் திரையும் கொண்ட அந்த எளிய வண்டி, பணவீக்கம் மட்டும் கூட்டிய விலையில், என்றும் கடையில் இருக்க வேண்டும். அதன்மேல் எதை வேண்டுமானாலும் அடுக்குங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டில் 'நுகர்வோர் விருப்பம்' என்ற தொடரை எழுதும் முன், விற்பனைப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் எண்ணாதீர்கள். சென்ற ஆண்டுவரை அதில் இருந்து, இந்த ஆண்டு காணாமற்போனவர் யார் என்று தேடுங்கள். அவருக்கு விருப்பம் மாறவில்லை, விலை மாறியது.