பூங்காவின் கணக்கு யார் கையில்?

பூங்காவை மூடச் சொல்லி நம் ஊரில் யாரும் உத்தரவு போடுவதில்லை. உத்தரவு வந்தால் எதிர்த்து ஒரு மனுவாவது கொடுக்கலாம். இங்கே நடப்பது வேறு. பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிறது. புது டெண்டர், ‘நிதி வந்ததும் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகிறது. சம்பளம் வராத காவலாளி வேலையை விட்டுப் போகிறார். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதாகிறது, செடிகள் கருகுகின்றன. ஊஞ்சல் சங்கிலி அறுந்து ஒரு குழந்தை விழுந்த பிறகு, பாதுகாப்பு கருதி அந்தப் பக்கம் கயிறு கட்டப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை முடியும்போது புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. பாம்பு பயத்தில் மாலை நடைக்கு வந்த பெண்கள் நின்றுவிடுகிறார்கள். இருட்டியதும் உள்ளே மது பாட்டில்கள் சேர்கின்றன. கடைசியில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களே கவுன்சிலரிடம் போய், ‘அதைப் பூட்டிவிடுங்க’ என்று கேட்கிறார்கள். பூட்டு மாநகராட்சியுடையது. போடச் சொன்னது நாம்.

சென்னையின் தென்புறநகரில் கொஞ்ச காலம் குடியிருந்தவர்களுக்கு இந்த வரிசையில் எதுவும் புதிதாக இருக்காது. நிதிக்குறைப்பு என்பது இங்கே சத்தம் போட்டு வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு செலவினத்துக்குப் பணம் ஒதுக்காமலே இருந்துவிட்டால் போதும், வேலை முடிந்துவிடும்.

சேலையூருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் நம்மைச் சுற்றிப் பச்சை நிறம் ஏராளம். சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-ல் நகரத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்தபோது எழுந்தது சேலையூர்க் காட்டு நிலத்தில்தான். இன்றும் அந்த 365 ஏக்கர் வளாகத்தில் அடர்ந்த மரங்கள் நிற்கின்றன. இன்னொரு பக்கம் விமானப்படைத் தளம். சற்றுத் தள்ளி வண்டலூர் உயிரியல் பூங்கா. ஆனால் முதலாவது கல்லூரி வளாகம், இரண்டாவது ராணுவ இடம், மூன்றாவதற்கு நுழைவுச்சீட்டு வேண்டும். கேம்ப் ரோட்டில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருப்பவரின் குழந்தைக்கு இந்த மூன்றும் மாலை ஐந்து மணிக்கு உதவாது. அந்தக் குழந்தை நடந்து போய் விளையாடக்கூடிய இடம் என்றால், மனைப்பிரிவுக்குள் விட்ட பத்து, இருபது சென்ட் பூங்கா மட்டும்தான்.

அந்தச் சிறு பூங்காவும் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த தானம் இல்லை. மனைப்பிரிவு பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் செய்து கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று நலச்சங்கக் கூட்டங்களில் பேசப்படுவது இதைத்தான். அந்தப் பத்து சதவீதத்தின் விலையை மனை விற்றவர் தன் கையிலிருந்து கொடுத்திருக்க மாட்டார். மனை வாங்கிய ஒவ்வொருவரும் சதுர அடிக் கணக்கில் அதையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். ஆகவே பூங்காவைப் பூட்டும்போது, காசு கொடுத்து வாங்கிய ஒன்றை நாம் இழக்கிறோம். பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தால் கோரிக்கையின் குரலே மாறும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க நம் மாநிலத்தில் 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சிகள் தங்கள் எல்லையில் உள்ள பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும், அரசின் அனுமதியின்றி அவற்றை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். அரசமைப்பின் 74-வது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளின் பணிகள் பதினெட்டு. பூங்காவும் தோட்டமும் விளையாட்டுத் திடலும் அவற்றில் ஒன்று. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்காவை விழுங்க வருவது பெரும்பாலும் இப்படியொரு நல்ல காரியமாகவே இருக்கும் என்பதால், இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு நலச்சங்கமும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் நகரமே இதற்குச் சாட்சி. ஆளுநர் டிரெவெலியன் காலத்தில், 1859-ல், சென்னையில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்ற மக்கள் பூங்கா உருவானது. 116 ஏக்கர். குளங்கள், வண்டிப் பாதைகள், பேண்டு வாத்திய மேடை, பின்னாளில் ஒரு மிருகக்காட்சி சாலை என்று வடசென்னையின் நெரிசலுக்கு நடுவே மூச்சுவிட இருந்த இடம் அது. முதலில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது, அடுத்து மூர் மார்க்கெட், அடுத்து ரிப்பன் மாளிகை, பிறகு நேரு விளையாட்டரங்கம், ரயில்வேயின் தேவைகள். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டது. மிருகக்காட்சி சாலை 1985-ல் நம் பக்கத்து வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பூங்காவின் பெயர் இன்று அந்தப் பகுதியில் ஒரு முகவரியாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி பணத்துக்கு வருவோம். நம் தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகள். பத்து அமைப்புகளின் சொத்தும் சுமையும் ஒரே மேசைக்கு வந்தன. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள், தோண்டிப் போட்ட சாலைகள், குப்பை, மழைநீர் வடிகால் என்று எழுபது வார்டுகளும் கை நீட்டும்போது, பூங்காவுக்கான கோப்பு அடியில் போவதில் வியப்பில்லை. மத்திய நிதி ஆணைய மானியத்தின் கணிசமான பகுதி குடிநீர், கழிவகற்றல் என்று முன்கூட்டியே கட்டிவைத்து வருகிறது. திட்ட நிதியில் பூங்கா அமைக்கலாம். கல்வெட்டு வைத்துத் திறக்கலாம். அடுத்த பத்தாண்டுக்குத் தண்ணீர் ஊற்றுபவரின் கூலி, மின்கட்டணம், உடைந்த சறுக்குமரத்துக்கு வெல்டிங் செலவு, இவை அந்தத் திட்டத்தில் இருக்காது. அது உள்ளாட்சியின் சொந்த வருவாயிலிருந்து வர வேண்டும். சொந்த வருவாயின் முதுகெலும்பு சொத்து வரி.

இங்கே நம்மைப் பற்றியும் பேச வேண்டும். சொத்து வரி 2022-ல் உயர்ந்தபோது எழுந்த கோபம் இயல்பானது. கட்டடத்தின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை ஒரே அடியாக ஏறினால் யாருக்கும் வலிக்கும். ஆனால் வாடகைக்கு விட்ட மேல்மாடியைக் கணக்கில் காட்டாமல் பழைய மதிப்பீட்டிலேயே ஆண்டுகளை ஓட்டுபவர்களும், கடை நடத்தும் கட்டடத்துக்கு வீட்டு வரி கட்டுபவர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த நாள் காலை பூங்காவில் நடந்துகொண்டே விளக்கு எரியவில்லை என்று குறைபட்டுக்கொள்வது நேர்மையாகாது. அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. வரியை ஒழுங்காகக் கட்டியவருக்கே கணக்குக் கேட்கும் குரல் உறுதியாக எழும்.

கணக்கு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் நிதி நெருக்கடியைச் சொல்லி, 2011 மே மாதம், தன் 278 மாநிலப் பூங்காக்களில் 70-ஐ மூடப்போவதாக அறிவித்தது. ஆண்டுக்கு 2.2 கோடி டாலர் செலவைக் குறைப்பது நோக்கம். மக்கள் பதறினார்கள். தன்னார்வ அமைப்புகள் நன்கொடை திரட்டி, ஒப்பந்தம் போட்டு, பூங்கா பூங்காவாகக் காப்பாற்றின. கெடு முடிந்த 2012 ஜூலையில் ஒரு செய்தி வெளியானது: அந்தப் பூங்காத் துறையின் கணக்குகளில் ஏறத்தாழ 5.4 கோடி டாலர் பல ஆண்டுகளாக வெளியே தெரிவிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. துறையின் தலைவர் பதவி விலகினார். பூங்காவுக்காகக் கைக்காசைப் போட்டவர்களின் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும்! பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று மக்களைக் கேட்கும் அரசு, முதலில் கணக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

சென்னையிலும் நிதிச் சுமைக்கு ஒரு சுலபமான மருந்து முன்வைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் பெருநகர சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல்தரை போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடவும், ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கவும் தீர்மானம் போட்டது. கால்பந்தை உயிராகக் கொண்ட பகுதிகளிலிருந்து எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானம் உடனே திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பின்வாங்கலைப் பாராட்ட வேண்டும். அன்றாடக் கூலி வீட்டுப் பையன்கள் பதினொரு பேர் இரண்டு மணி நேரம் ஆட 2,640 ரூபாய் வேண்டும் என்றால், அந்தத் திடல் திறந்திருந்தும் அவர்களுக்கு மூடியதுதான். கட்டணக் கதவு பொதுப் பூங்காவுக்குத் தீர்வாகாது என்பதில் நாம் எல்லோரும் ஒரே கருத்தில் நிற்க வேண்டும். பூங்காவைத் தத்தெடுக்க வரும் நிறுவனம் பெயர்ப் பலகை வைத்துக்கொள்ளட்டும். நுழைவுக்கு விலை வைக்கும் உரிமை அதற்குக் கிடையாது.

அப்படியென்றால் மக்களின் பங்கு என்ன? பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டாம், பக்கத்துச் சிட்லபாக்கம் போதும். 2019 கோடையில் சென்னை முழுதும் தண்ணீருக்குத் தவித்தபோது, அந்த ஊர்க்காரர்கள் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கினார்கள். கைகளால் ஓர் ஏரியைத் தூர்வாரி முடிக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் இறங்கியதால் ஏரி செய்தியானது, செய்தி சட்டமன்றம்வரை போனது, ஏரிச் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. உழைப்பு அரசின் கடமையை இடம்பெயர்க்கவில்லை. அதைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது. பூங்காவிலும் தன்னார்வம் இப்படித்தான் இருக்க வேண்டும். குப்பை பொறுக்குவது, கன்றுகளுக்கு வேலி, பிள்ளைகளை வைத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை, இருட்டும் நேரத்தில் முறைவைத்து ஒரு சுற்று வருவது, இவை நம் வேலை. காவலாளியின் சம்பளமும் மின்விளக்கும் கழிப்பறையும் மாநகராட்சியின் வேலை. ஓய்வுபெற்ற நான்கு பெரியவர்களின் தோளில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ‘மக்கள் பங்கேற்பு’ என்று பெயர் வைத்தால், அவர்கள் தளர்ந்த அன்று பூங்காவும் தளர்ந்துவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கூடுதல் கடமை உண்டு. சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் குடியிருப்புகளில் மிஞ்சும் தண்ணீர் வடிகாலுக்குப் போகிறது. அதே தெருவின் பூங்கா கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறது. தரம் சோதித்த அந்த நீரைப் பூங்காவுக்குத் திருப்ப ஒரு குழாயும் ஒரு கடிதமும் போதும். நிறுவனங்களுக்கும் நலச்சங்கங்களுக்கும் ‘நமக்கு நாமே’ திட்டத்தின் கதவும் திறந்திருக்கிறது: பணியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு தரும்.

நலச்சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். பூங்காவைக் காப்பது என்பது ஆட்களைத் தடுப்பது ஆகிவிடக் கூடாது. நண்பகலில் மர நிழலில் அரைமணி சாயும் வீட்டு வேலைப் பெண், உணவு கொண்டுவரும் இளைஞர், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியின் குழந்தை, இவர்களுக்குச் சேலையூரில் வேறு இருக்கை கிடையாது. ‘வெளியாட்கள்’ என்று இவர்களை விரட்டும் சங்கம், பூங்காவுக்கு நிதி வேண்டும் என்று கேட்கும் தகுதியைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆளில்லாப் பூங்காதான் முதலில் கெட்டுப்போகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

மண்ணின் கணக்கும் ஒன்று பாக்கி. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளைச் சுற்றி நிலமெல்லாம் கான்கிரீட் ஆனபின், வானத்துத் தண்ணீர் உள்ளே இறங்க மிச்சமிருக்கும் திறந்த மண் இந்தப் பூங்காக்களில் இருக்கிறது. இப்போது புதிதாக வரும் பூங்காக்களில் அந்த மண்ணையும் சிமெண்டுக் கல் பதித்து மூடுகிறார்கள். பராமரிப்பு வேலை குறையும் என்பது காரணம். நடைபாதைக்குக் கல் போதும். மற்ற இடத்தை மண்ணாக விடுங்கள்.

இதையெல்லாம் எங்கே போய்ப் பேசுவது? அதற்கும் இடம் இருக்கிறது. 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும் பகுதி சபைகளும் அமைய வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம், இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான் நடந்தது. அன்று காட்டிய அக்கறையை மாநகராட்சி எழுபது வார்டுகளிலும் தொடர வேண்டும். கூட்டம் கூட்டுவது அவர்கள் பொறுப்பு, போய் உட்காருவது நம் பொறுப்பு. பேச யாரும் வரவில்லை என்று பதிவேட்டில் எழுத நாம் இடம் கொடுக்கக் கூடாது.

மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கை நிதியாண்டு முடிவதற்குள் மன்றத்துக்கு வரும். அதற்கு முந்தைய பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் வார்டின் பூங்காக்களைப் பற்றி ஒரே ஒரு தாள் கேளுங்கள்: எத்தனை பூங்கா, ஒவ்வொன்றின் பரப்பு, பராமரிப்புக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை, ஒப்பந்ததாரர் யார், ஒப்பந்தம் முடியும் நாள் எது. அந்தத் தாளைப் பூங்காவின் வாசலிலேயே ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுக்கான பராமரிப்பு நிதியைத் தனித் தலைப்பில் எழுதும்படி கவுன்சிலரிடம் கையெழுத்திட்ட மனு கொடுங்கள். கையோடு, வாரத்தில் ஒரு மாலை பூங்காவுக்காக ஒதுக்க முடிந்தவர்கள் உங்கள் பெயரையும் அதே கூட்டத்தில் எழுதிக்கொடுங்கள்.