வலியைப் பகிர்ந்த அறுபது ஆண்டுகள்



சபையில் ஒரு தம்பதியர் ஐம்பதாம் திருமண நாளைக் காணும்போது, மாலை அணிவித்து, ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்து, விருந்துண்டு வீடு திரும்புகிறோம். அது நல்லதே. ஆனால் அத்தனை ஆண்டுகளும் அந்த வீட்டின் கதவு யாருக்காகத் திறந்திருந்தது என்று நாம் கேட்பதில்லை. இவ்வாரம் அக்கேள்வியையே உங்கள்முன் வைக்கிறேன்.

நம் திருத்தணியிலிருந்து சோளிங்கர் வழியாக மேற்கே சென்றால் வேலூர். அங்கே ஊழியம் செய்த மருத்துவத் தம்பதியர் பால் பிராண்டும் மார்கரெட் பிராண்டும். பால், 1914இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் பயின்றபோது மார்கரெட்டைச் சந்தித்து, போர்க்காலமான 1943இல் மணந்தார். 1946இல் அவரும், மறு ஆண்டு மார்கரெட்டும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தனர். அந்நாளில் நம் ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 1960இல் சென்னை மாநிலத்தோடு மீண்டும் இணைந்தது. எல்லை எங்கே என்று மனிதர் வாதாடிய காலத்தில், அம்மருத்துவமனை தமிழரையும் தெலுங்கரையும் ஒரே வாசலில் வரவேற்றது.

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. வலியை உணரும் நரம்பு மரத்துப்போவதால், சூடும் காயமும் தெரியாமலே அவை சிதைகின்றன என்று பால் கண்டு உணர்த்தினார். மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் நிமிரச் செய்தார்.

மார்கரெட்டோ, கண் மருத்துவத்தில் தனிப் பயிற்சி இல்லாமலே அப்பிரிவில் பணிக்கு அழைக்கப்பட்டார். தயங்கினார், ஆயினும் கற்றுக்கொண்டார். இமை மூடாத கண் உலர்ந்து, புண்பட்டு, பார்வை இழப்பதைத் தடுக்க உழைத்தார். தொழுநோயாளரின் கண் சிகிச்சையில் உலகறிந்த வல்லுநரானார். இதற்கிடையே ஆறு பிள்ளைகளையும் இருவரும் வளர்த்தனர். 2003இல் பால் மறைந்தபோது அவர்களது இல்லறத்துக்கு அறுபது வயது. மார்கரெட் 2014இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நம் நினைவுக் கூட்டங்களில், "கணவருக்கு உறுதுணையாக இருந்தார்" என்ற ஒரே வரியில் மனைவியின் வாழ்வை முடித்துவிடுகிறோம். இது நியாயமன்று என்பது என் துணிபு. ஆக்கில்லாவைச் சொல்லும் இடமெல்லாம் வேதம் பிரிஸ்கில்லாளையும் பேர்சொல்லி அழைக்கிறது. தேவன் இருவரையும் அழைத்தார்; இருவருக்கும் வேலை தந்தார். நாம் ஏன் ஒருவரை நிழலாக்க வேண்டும்?

இன்னொன்று. வலி தெரியாத கை, தான் சிதைவதையே அறியாது. குடும்பமும் அவ்வாறே. மனைவி முழங்கால் நோவோடு அடுப்படியில் நிற்பதைக் கணவன் உணராமலும், கணவனின் மௌனத்துக்குள் இருக்கும் பயத்தை மனைவி உணராமலும் நாற்பது ஆண்டுகள் கழியலாம். வெளியே யாவும் நலமாகவே தோன்றும். அப்படி மரத்துப்போன இல்லம் அண்டை வீட்டாரின் கண்ணீரை எப்படி உணரும்? ஓர் அவயவம் பாடுபட்டால் மற்றவையும் கூடவே பாடுபடும் என்று கொரிந்து சபைக்குப் பவுல் உணர்த்தியது இதைத்தான்.

ஆகவே, இன்றிரவு குடும்ப ஜெபத்துக்குமுன் ஒருவரையொருவர் கேளுங்கள்: "உனக்கு எங்கே வலிக்கிறது?" பதிலைப் பொறுமையோடு கேட்டபின், உங்கள் தெருவில் இதே கேள்விக்காகக் காத்திருக்கும் ஒருவரைத் தேடி இருவருமாகப் போங்கள்.

வலியை உணரும் இருதயத்தைக் கர்த்தர்தாமே நம் இல்லங்களுக்கு அருள்வாராக. ஆமென்.