தரிசு என்று எழுதாதீர்!

ஒரு நிலத்தைக் காக்க விரும்புவோர் முதலில் அதனைக் கணக்கில் ஏற்றல் வேண்டும். கணக்கில் ஏறாத நிலம் காப்பற்ற நிலம். 'தரிசு' என்று ஏறிய நிலமோ அதனினும் இரங்கத்தக்கது. அது யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்த நிலம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் கரிசற்காடும் மேய்ச்சற் பொட்டலும் இந்நிலையில்தாம் கிடக்கின்றன.

பறவைகளின் வாழிடங்களைத் தேர்ந்து பட்டியலிடும் பணி உலகெங்கும் நடைபெறுகின்றது. 'பேர்டுலைஃப்' எனும் பன்னாட்டமைப்பு வகுத்த நெறிப்படி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்தியாவுக்கென 2004 இல் வெளியிட்ட பட்டியலில் 466 இடங்கள் இருந்தன; 2016 இல் அவை 554 ஆயின. அருகிவரும் பறவை வாழுமிடம், குறுகிய பரப்பில் மட்டும் வாழும் பறவையின் இடம், பறவைகள் பெருந்திரளாகக் கூடுமிடம் முதலியன அதன் அளவுகோல்கள். 1971 இல் உருவான இராம்சார் உடன்படிக்கையோ ஈரநிலங்களுக்கு உரியது. 20,000 நீர்ப்பறவைகள் கூடினாலும், ஓரினத்தின் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு தங்கினாலும் அதில் இடம் பெறலாம்.

இவற்றால் நன்மை விளைந்ததை மறுப்பார் இலர். அண்டையிலுள்ள முகவை மாவட்டத்தின் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022 இலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் 2025 இலும் இராம்சார் இடங்களாக அறிவிக்கப்பெற்றன. அவ்வாண்டில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 20 ஆயிற்று. விருதுநகர் மாவட்டத்து நீர்நிலை ஒன்றேனும் அவ்விருபதில் இல்லை.

கண்மாய்க்கே இந்நிலை என்றால் காய்ந்த நிலத்துக்கு யார் பேசுவார்? திரளை எண்ணும் கோல் நீர்ப்பறவைக்கே பெரிதும் பொருந்தும். கவுதாரியும் காடையும் ஆட்காட்டியும் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடுவதில்லை. அவை பரந்த வெளியில் சிதறி வாழ்ந்து, வெறுந்தரையில் முட்டையிடுவன. பனிக்காலத்தில் நடு ஆசியாவினின்று வரும் பூனைப்பருந்துக்கு மரக்காடு வேண்டுவதில்லை. திறந்த புல்வெளியே வேண்டும். நாம் 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் வெளியே அவற்றுக்கு எல்லாமும் ஆகும்.

நிலத்தை அதன் பறவையோடு சேர்த்தெண்ணும் அறிவு நமக்குப் புதியதன்று. திணைதோறும் கருப்பொருள் கூறிய தொல்காப்பியர், அவற்றுள் புள்ளையும் ஒன்றாக வைத்தார். பாலைக்கும் பறவை உண்டென்று கண்ட மரபினர், கரிசலைப் பாழ் என்று எழுதுவது தகுமா?

எழுதினால் என்ன விளையும் என்பதற்குக் கானமயில் சான்று. இந்தியாவில் தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் வாழ்ந்த அப்பறவை, வேட்டையாலும் புல்வெளி அழிவாலும் குறைந்தது. இன்று உயர்மின் கம்பிகளில் மோதியும் மடிகின்றது. எஞ்சியவை 200க்கும் குறைவு. அவையும் பெரும்பாலும் இராசத்தானத்தில். தமிழகத்தில் பெயர் மட்டும் இருக்கின்றது; பறவை இல்லை.

2016 இல் கமுதியருகே ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட்டுக் கதிரவ மின்நிலையம் எழுந்தது. கதிரவ மின்னை நாம் எதிர்க்கவில்லை, அது வேண்டுவதே. ஆயினும் எந்நிலத்தில் அமைக்கலாம், எந்நிலத்தை விட்டுவிட வேண்டும் என்பதை, இடம் கேட்டு வருவோர் வந்தபின் ஆராய்ந்து பயனில்லை. பட்டியல் முன்னே வேண்டும். திட்டம் பின்னே வரவேண்டும்.

அப்பட்டியலை யார் செய்வது? ஊரார் செய்யலாம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகள் அஞ்சுமென்று ஊரார் வெடி வெடிப்பதில்லை. அத்தகைய ஊரார்க்கு எண்ணத் தெரியாதா? குண்டாற்றங்கரையிலும் குல்லூர்ச்சந்தை நீர்த்தேக்கத்திலும் ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்திலும் மாணவரும் ஆடு மேய்ப்போரும் சேர்ந்து, மழைக்கு முன்னும் பின்னும் எண்ணட்டும். எந்தப் பறவை, எத்தனை, எந்தத் திங்களில், கூடு உண்டா, வேலிக்கருவை எவ்வளவு படர்ந்துள்ளது என எழுதட்டும். பெயர்களை ஊர் வழங்கும் தமிழிலேயே எழுதட்டும். ஆடு மேய்ப்பவர் படித்துத் திருத்தக்கூடிய பட்டியலே உண்மைப் பட்டியல். அதனை ஊரவையில் வைத்துத் தீர்மானமாக்கி, வனத்துறைக்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் அனுப்புக.

தமிழர்களே! தரிசு என்னும் ஒரு சொல் பல உயிர்களை வீடற்றவையாக்குகின்றது. அச்சொல்லை அடித்து, அவ்விடத்தில் அங்கு வாழும் பறவையின் பெயரை எழுதுக!