நிழலில் வாடும் புல்தரை

விடுதலைப் போராட்ட வீரரும் மத்திய உணவு அமைச்சருமாக விளங்கிய ரஃபி அகமது கிட்வாயின் பெயர் தாங்கியது தில்லியின் கிட்வாய் நகர். அதன் கிழக்குப் பகுதியில் அரசு ஊழியரின் பழைய குடியிருப்புகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அண்டைக் குடியிருப்புகளில் இதே நோக்கத்துக்காக மரங்கள் வெட்டப்படுவதற்கு 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மரங்களுக்குக் கிடைத்த கவனம் மண்ணுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

புல்தரை வெளிறினால் நீரும் யூரியாவுமே பரிந்துரைக்கப்படுகின்றன. அருகம்புல்லோ வெயிலை நாடும் இனம். குளிரில் பழுப்பேறி உறங்கும். கட்டட நிழலில் எக்காலத்தும் தழைக்காது. காலடியில் இறுகிய மண்ணில் அதன் வேருக்குக் காற்றும் எட்டாது. குறை நிழலிலும் இறுக்கத்திலும் இருக்க, கோடைதோறும் குடிநீருக்குத் தவிக்கும் நகரில் மேலும் நீர் பாய்ச்சுவது வீண்செலவே.

வெயில் விழும் இடத்தில் மட்டும் புல் இருக்கட்டும். அங்கே மண்ணைத் துளையிட்டு இலைமட்கு தூவினால் பருவமழையில் அது தானே படரும். அரைநிழலில் பவழமல்லி, காமினி, இரவுராணி ஆகியவற்றை ஜூலை மழையோடு நடலாம். வேரூன்றியபின் அவை புல்லளவு நீர் கேட்பதில்லை.

பிள்ளைகள் விளையாடப் புல்வெளி வேண்டும் என்ற மறுப்பு நியாயமானது. அதற்காகவே, புல் வாழக்கூடிய இடத்தில் அதைக் காக்க வேண்டும். எஞ்சிய நிழல் பூச்செடிகளுக்கு உரியது. பவழமல்லியும் இரவுராணியும் இருட்டியபின் மணப்பவை. பணி முடிந்து வீடு திரும்புவோருக்கு வாய்க்கும் நேரமும் அதுவே.