நாக்குல ரெண்டு பேர்!

பல் தேய்க்கப் போன என் ரூம்மேட், ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி நாக்கை நீட்டிக்கிட்டு நின்னான். ‘‘ஓரத்துல பட்டாணி மாதிரி என்னமோ இருக்குடா. ஆனா, வலிக்கல. செமஸ்டர் முடியட்டும், பாத்துக்கலாம்!’’

வலிக்கலைன்னா வியாதியே இல்ல... நம்ம எல்லோருக்கும் தெரிஞ்ச மருத்துவம் இவ்வளவுதானே!

விடாம இழுத்துட்டுப் போனோம். பல் டாக்டரம்மா பார்த்துட்டு, கட்டியை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வர்றதுக்குள்ள லைப்ரரியில நான் படிச்சதுதான் இந்த வார மேட்டர்.

‘கிரானுலர் செல் ட்யூமர்’னு ஒரு கட்டி. 1926-ல் இதை விவரிச்சவர் அப்ரிகோசோவ்ங்கிற ரஷ்ய டாக்டர். 1924-ல் லெனின் இறந்தப்போ உடலைப் பதப்படுத்தினவரும் இவர்தான். கட்டி தசையிலேர்ந்து வருதுன்னு அவர் நினைச்சார். நரம்பைச் சுத்தியிருக்கிற ஷ்வான் செல்கள்லேர்ந்து வருதுன்னு பிற்பாடு தெரிஞ்சது. வாய்க்குள்ள இதோட நிரந்தர விலாசம், நாக்கு. பெரும்பாலும் சாது. மெதுவா வளரும், வலிக்காது.

வில்லங்கம் எங்கேன்னா, சாதுவுக்கு மேல இருக்கிற தோல் சில சமயம் புற்றுநோய் மாதிரியே வேஷம் போடும். மேலாக்கச் சுரண்டிப் பார்த்தா, இல்லாத கேன்சரை இருக்குன்னு சொல்லிட வாய்ப்பிருக்கு. நேர் எதிராவும் நடக்கும். அபூர்வமா, ஒரே நாக்குல சாதுவும் நிஜப் புற்றும் சேர்ந்தே இருந்த கேஸ்கள் பதிவாகியிருக்கு. ‘சாதுதான்’னு பாதியில விட்டா, பக்கத்துல இருக்கிற வில்லன் தப்பிச்சிடுவான். ஆழமா வெட்டியெடுத்து, முழுசாப் பார்க்கிறது இதுக்காகத்தான்.

நம்ம லேப்ல நடக்கிறதேதான். புரோகிராம்ல ஒரு ‘பக்’ சிக்கினதும் தேடுறதை நிறுத்திடுவோம். ரெண்டாவது ‘பக்’, வைவா அன்னிக்குப் பல்லிளிக்கும்!

ரிசல்ட் வந்துச்சு. சாதுதான். பய புள்ள அங்கேயே ‘ட்ரீட்’ அறிவிச்சான். டாக்டரம்மா சிரிக்கலை. ‘‘இது அந்தக் கட்டிக்குக் கொடுத்த சர்ட்டிஃபிகேட்... உன் வாய்க்கு இல்ல. பாக்கெட்டுல இருக்கிற பாக்கை எடுத்து வெளியில போடு!’’

‘வெறும் பாக்குதானே, புகையிலை இல்லையே’ன்னு அவன் முனகினான். புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லயே அறிக்கை வெளியிட்டாச்சு. காட்டினேன். இப்போ பாக்கெட்டுல கடலைமிட்டாய்!

இன்னிக்கு ராத்திரி நீங்களும் கண்ணாடி முன்னாடி நாக்கை நீட்டி, ரெண்டு ஓரமும் பாருங்க. புண்ணோ, கட்டியோ, வெள்ளைத் திட்டோ ரெண்டு வாரம் தாண்டியும் மறையலைன்னா, வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. அரியர் வெச்சு எழுத இது பேப்பர் இல்ல பாஸ்!